பூனை எப்பவும் "நீ"ன்னுதான் பேசும்

போன மாசம் எங்க பூனை சுப்பு ஒரு செருப்பு டப்பாவுக்குள்ள போயி உக்காந்துட்டான். டப்பா அவனுக்கு சுத்தமா பத்தல, முன்னங்கால் ரெண்டையும் மார்புக்கு கீழ மடிச்சு வச்சுக்கிட்டு, வயிறு விளிம்புக்கு மேல வழிஞ்சு தொங்க, ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பி, கண்ணு பாதி மூடி. ஃபோட்டோ எடுத்தேன். கீழ ஒரு வரி போட்டேன், "நான் ஆபீஸ்ல இருக்கு. அப்புறம் வா." அக்காவுக்கு அனுப்பிட்டேன்.

அக்காவும் நானும் அதுக்கு முன்னாடி நாலு மாசமா சரியா பேசல. வீட்டு விஷயம், அத இங்க எழுதப்போறதில்ல. சாட்ட மேல தள்ளி பாத்தா "அப்பா மாத்திரை போட்டாரா", "போட்டார்", "சரி", இவ்ளோதான் இருக்கும். அந்த படத்துக்கு மட்டும் ஒரு நிமிஷத்துல பதில் வந்துச்சு: "சார் எப்ப ஃப்ரீ ஆவார்?"

அப்புறம்தான் நான் டைப் பண்ணத திரும்ப பாத்தேன். "நான் இருக்கு"ன்னு போட்டிருக்கேன். இருக்கேன்னு வரணும். டைப்பிங் மிஸ்டேக் கிடையாது, பூனை பேசினா இப்படித்தான் பேசும்னு கை தானா போட்டுருக்கு, யாரும் எனக்கு சொல்லிக்குடுத்ததும் இல்ல. அதுலேர்ந்து ஒரு மாசமா இதே யோசனைதான், நெட்ல இத்தன வருஷமா இவ்ளோ பேர் ஏன் பூனைய வச்சு பேசுறாங்க, ஏன் அந்த பூனை எப்பவும் தப்பு தப்பா பேசுது, அந்த தப்பு ஏன் நமக்கு இவ்ளோ புடிச்சிருக்கு.

இதுக்கு ஒரு ஆரம்பம்னு சொல்லணும்னா எல்லாரும் 2007 ஜனவரிய சொல்வாங்க. "ஐ கேன் ஹேஸ் சீஸ்பர்கர்" சைட் அப்பதான் வந்துச்சு. சாம்பல் கலர்ல ஒரு பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், உருண்ட கன்னம், வாய் லேசா திறந்து சிரிக்கிற மாதிரி, அதுக்கு மேல எனக்கு சீஸ்பர்கர் கிடைக்குமான்னு தப்பு இங்கிலீஷ்ல கேக்குற அந்த வரி. அதுக்கு முன்னாடியே ஃபோர்சான்ங்கற படம் போட்டு பேசுற சைட்ல சனிக்கிழமை வந்தா பூனை படமா போட்டு, சாட்டர்டேவ "கேட்டர்டே"ன்னு ஆக்கி வச்சிருந்தாங்க. ஆனா ஊரு ஒலகத்துக்கெல்லாம் அந்த பேச்சு போய் சேந்தது சீஸ்பர்கர் பூனையாலதான்.

அந்த வரில எனக்கு புடிச்சது என்னன்னா, அந்த "ஹேஸ்". "ஹேவ்"னு வந்திருந்தா அது வெறும் கேள்வி, "ஹேஸ்"னு வந்ததும் அங்க ஒரு ஆள் வந்துடுறான், பாஷை தெரியாது ஆனா வேணும்னு மட்டும் தெரியும், கேக்க வெக்கப்படல, தப்பா கேட்டாலும் கிடைக்கும்னு ஒரு நம்பிக்கை. குழந்தை பேச்சு மாதிரி இருக்கும், ஆனா குழந்தை பேச்சு கிடையாது, குழந்தைக்கு நம்ம மொகத்த பாத்து சரியா பேசணும்னு ஒரு ஆச இருக்கும், இந்த பூனைக்கு அந்த கவலையே கிடையாது.

அந்த தப்பெல்லாம் இஷ்டத்துக்கு போட்டதும் இல்ல. எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்ணாங்க! பன்மைல "எஸ்" வர்ற இடத்துல "இசட்", "தி"ங்கறது "டெஹ்", வந்தவுடனே "ஓ ஹாய்", கிளம்பும்போது "கேதேங்க்ஸ்பை", அதாவது ஓகே தேங்க்ஸ் பை. புதுசா வர்ற ஒருத்தர் கன்னாபின்னான்னு எழுத்த மாத்திப்போட்டா அது பூனை மாதிரி இருக்காது, படிக்கிறவங்களுக்கு பட்டுனு தெரிஞ்சிடும். விதி இல்லாத இடத்துல தப்புன்னு ஒண்ணு எப்படி இருக்கும்? அப்போ அது ஒரு மொழிதான். 2007லயே ஆடம் லிண்ட்சேங்கறவர் இத வச்சு ஒரு ப்ரோக்ராமிங் லாங்குவேஜே பண்ணிட்டார், லோல்கோட்னு பேரு, ப்ரோக்ராம் "ஹாய்"ல ஆரம்பிச்சு "கேதேங்க்ஸ்பை"ல முடியும், நடுவுல வெளிலேர்ந்து ஒரு லைப்ரரிய, அதாவது ஏற்கனவே எழுதி வச்ச கோட, எடுக்கணும்னா "கேன் ஹேஸ்"னு கேக்கணும். அதே வருஷம் கொஞ்ச பேர் சேந்து பைபிள பூனை பேச்சுல மொழிபெயர்க்க ஆரம்பிச்சாங்க, அதுல கடவுளுக்கு "சீலிங் கேட்"னு பேரு, சீலிங்ல ஒரு ஓட்டை வழியா எட்டிப்பாக்குற பூனை படம் ஒண்ணு 2006லேர்ந்து சுத்திக்கிட்டு இருந்துச்சு, அதுலேர்ந்து எடுத்தது. மேலேர்ந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும்ல, அதனால.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், எனக்கு இது தெரிஞ்சப்போ ரெண்டு நாள் வேற எதுலயும் மனசு போகல. வளந்த பூனைங்க தங்களுக்குள்ள மியாவ்னு பேசிக்கிறது ரொம்ப அபூர்வம். குட்டியா இருக்கும்போது அம்மாவ கூப்பிட கத்தும், வளந்துட்டா வாசனை, வாலு, காது, உடம்ப உரசுறது, சண்டைன்னா சீறல், ஊளை, அவ்ளோதான். இந்த மியாவ் பெரும்பாலும் மனுசங்களுக்காக வச்சிருக்கிறது. இந்த மனுசங்களுக்கு வாசனையும் புரியாது வாலும் புரியாது, சத்தம் போட்டாத்தான் திரும்பி பாக்குறாங்கன்னு அதுக்கு தெரிஞ்சிருக்கு. சுப்பு கதவு தொறக்க சொல்றப்போ ஒரு சின்ன "மெ", பாதிலயே வெட்டின மாதிரி. தட்டு காலின்னா இழுத்து, கடைசில மேல தூக்கி. நான் குளிக்கும்போது வெளில நின்னு போடுற சத்தம் முற்றிலும் வேற, அத எழுத்துல எழுத முடியாது.

ஆக நம்மகிட்ட பேசுறதுக்குன்னு அது தன் குட்டிக்காலத்து சத்தத்த எடுத்து வச்சுக்கிச்சு, நாம அது குரல்ல பேசுறதுக்குன்னு நம்ம இலக்கணத்த உடைச்சோம். ரெண்டு பேரும் பாதி பாதி வழி நடந்து வந்திருக்கோம். லோல்கேட் படங்கள, அதான் இப்படி தப்பு பேச்சோட வர்ற பூனை படங்கள, பாக்கும்போது எனக்கு வர்ற சந்தோஷத்துக்கு இதான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

இப்போ தமிழுக்கு வருவோம், ஏன்னா இத பத்தி யாரும் எழுதி நான் பாக்கல, எனக்கு ரொம்ப நாளா எழுதணும்னு இருந்துச்சு. இங்கிலீஷ்ல பூனை பேச்ச உடைக்கணும்னா "ஹேஸ்" "ஹேவ்" அந்த மாதிரி சின்ன சின்ன இடந்தான் இருக்கு. தமிழ்ல வினைச்சொல்லோட வால்லயே யாரு என்னன்னு எல்லாம் இருக்கு, வந்தேன் வந்தான் வந்தா வந்துச்சு. அதனால உடையுற எடமும் அதேதான். என் ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல பூனை படத்துக்கு கேப்ஷன் போடுறப்ப பாத்தீங்கன்னா "நான் வந்துச்சு", "நான் தூங்குது, டிஸ்டர்ப் பண்ணாத", "டப்பா கிடைச்சான்". கவனிச்சீங்களா, பூனை தன்ன அஃறிணையாக்கி டப்பாவ உயர்திணையாக்கிடுச்சு! பூனைக்கு டப்பா அவ்ளோ பெரிய ஆளு. இத யாரும் உக்காந்து யோசிச்சு பண்ணல, தானா வந்தது.

அதுலயும் இன்னொரு அழகு. ஸ்கூல்ல படிச்சபடி பூனை அஃறிணை, ஆனா பூனை வச்சிருக்கிறவங்க வீட்ல போயி பாருங்க, "அவன் சாப்டான்", "அவ கோவமா இருக்கா", யாரும் "அது"ன்னு சொல்ல மாட்டாங்க, மத்தவங்க "அது எங்க?"ன்னு கேட்டாகூட லேசா சுருக்குன்னு இருக்கும். நாம அவன உயர்திணைன்னு கூப்பிடுறோம், அவன் பேசுறதா எழுதும்போது மட்டும் அவன் வாயால அஃறிணைல பேச வைக்கிறோம். அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அந்த சிரிப்பே இருக்கு.

அப்புறம் இந்த "நீ". இங்கிலீஷ் பூனைக்கு "யூ" ஒண்ணுதான், தமிழ் பூனை நீயா நீங்களான்னு முடிவு பண்ணியாகணும், பண்ணிடுச்சு, எப்பவும் "நீ"தான். "வா", "போ", "தா", "ஏன் லேட்டு". நாய் படத்துக்கு அப்படி எழுதி பாருங்க, ஒட்டவே ஒட்டாது, நாய்னா "எப்ப வருவீங்க", "நான் சமத்தா இருந்தேன்ல". நாம திருப்பி பூனைக்கு பதில் சொல்லும்போது "சார்", "மேடம்", "துரை", "மகாராணி". எங்க அக்கா யோசிக்காமதான் "சார் எப்ப ஃப்ரீ ஆவார்"னு போட்டிருப்பா. இது நமக்கு மட்டும் இருக்கிற பழக்கமும் இல்ல, சீனால நெட்ல பூனை வச்சிருக்கிறவங்க தங்கள சொல்லிக்கிற பேரு "மலம் அள்ளும் அதிகாரி", அதுல அதிகாரிங்கற சொல்லும் நெசமாவே இருக்கு. பூனை வயித்துல மொகத்த புதைச்சு மூச்ச இழுக்குறதுக்கு "பூனைய உறிஞ்சுறது"ன்னு ஒரு சொல் வச்சிருக்காங்க, வீட்ல பூனை இல்லாம நெட்ல மத்தவங்க பூனைய பாத்தே காலத்த ஓட்டுறவங்களுக்கு "மேகத்துல உறிஞ்சுறது", டேட்டா வைக்கிற கிளவுட் இருக்குல்ல, அந்த மேகம். நான் சுப்பு வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் அதத்தான் பண்ணேன், அப்போ அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு தெரியாது.

ஃபோட்டோல பூனைய உக்கார வச்சு கீழ ஒரு வரி போடுறது நெட்டுக்கு முன்னாடியே இருந்துருக்கு. இங்கிலாந்துல பிரைட்டன்ல ஹாரி பாயிண்டர்னு ஒரு ஃபோட்டோகிராஃபர், 1870கள்லயே பூனைங்கள சைக்கிள் மேல, டீ கப் பக்கத்துல, இப்படியெல்லாம் எடுத்து கீழ வாசகம் போட்டு கார்டா விக்க ஆரம்பிச்சவர். சாதாரண படம்கூட ஒரு வரி சேந்தா வேற ஆயிடுதுன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. 

சரி, ஏன் பூனை? நாய்க்கு என்ன குறைச்சல்? நாயோட மொகம் தானாவே பேசிடும்ங்கறது என் எண்ணம். 2019ல ஒரு ஆராய்ச்சில நாய்க்கு உள்புருவத்த தூக்குறதுக்குன்னு ஒரு தசை நல்லா வளந்திருக்கு, ஓநாய்க்கு அது அப்படி கிடையாதுன்னு காட்டினாங்க, மனுசனோட இருந்து இருந்து வந்தது. அந்த புருவத்த தூக்கி பாத்தா நமக்கு புரிஞ்சிடும், நாம வார்த்தை போட அங்க எடம் கம்மி. பூனை மொகம் நமக்கு ஒரு மூடின கதவு. ஆனா கதவுக்கு பின்னாடி காலி கிடையாது, லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு கேட் கஃபேல, அதாவது பூனைங்களோட உக்காந்துட்டு வர்ற கடைல, பூனைங்க ஒண்ணோட ஒண்ணு இருக்கிறத வீடியோ எடுத்து எண்ணி பாத்தாங்க, 2023ல வந்த ஆராய்ச்சி, 276 விதமான மொகபாவனை! அவ்ளோ பேசுது, நமக்குத்தான் படிக்க தெரியல. கனடால குவெல்ஃப் யுனிவர்சிட்டில 2019ல 6000 பேருக்கு மேல பூனை மொகம் இருக்கிற 20 சின்ன வீடியோ காட்டி, அது நல்லா இருக்கா இல்லையான்னு கேட்டதுல சராசரியா 12கூட தொடல. குத்துமதிப்பா சொன்னாலே பாதி வந்துடும்.

புரியாத மொகம், அதுல நம்ம வார்த்தை. க்ரம்பி கேட், எப்பவும் சிடுசிடுன்னு மொகம் வச்சிருந்த அந்த பூனை, அப்படித்தான். 2012 செப்டம்பர்ல ரெடிட்ங்கற சைட்ல அந்த படம் வந்தப்போ பல பேர் எடிட் பண்ணதுன்னு நம்பவே இல்ல, வீடியோ போட்டு காட்ட வேண்டியிருந்துச்சு. உண்மையான பேரு டார்டார் சாஸ். ஒலகத்துல யாருக்கெல்லாம் திங்கட்கிழமை புடிக்கலையோ அவங்க எல்லாரோட கோவத்தையும் அந்த சின்ன மொகம் ஏழு வருஷம் தாங்குச்சு, 2019 மே 14 செத்துப்போகுற வரைக்கும். ஆனா அவ கோவக்காரி இல்ல, வளர்த்தவங்க சொன்னபடி சாதுவான பூனை, குள்ளத்தன்மையும் தாடை அமைப்பும் சேந்து வாய் அப்படி கீழ இறங்கியிருந்துச்சு, அவ்ளோதான். எனக்கு அவள நெனச்சா ஒரு பாசம் வரும், தன்னோடது இல்லாத ஒரு உணர்ச்சிய வாழ்நாள் பூரா சுமந்த பூனை.

இதுல ஒரு பக்கம் எனக்கு கஷ்டமாவும் இருக்கு. 2015ல வெள்ளரிக்கா வீடியோ வந்துச்சே, பூனை சாப்ட்டுக்கிட்டு இருக்கும்போது பின்னாடி சத்தமில்லாம ஒரு வெள்ளரிக்காவ வச்சிடுவாங்க, அது திரும்பி பாத்து ஆளுயரம் குதிக்கும். நானும் ஃபார்வர்ட் பண்ணேன். சுப்பு வந்த மொத வருஷம் அலமாரி மேலேர்ந்து ஒரு பெரிய தகர டப்பா அவன் பக்கத்துல விழுந்துடுச்சு. அவன் மேல படல. ஆனா கட்டிலுக்கடில மூலைல போயி ஒட்டிக்கிட்டான், நான் தரைல படுத்து டார்ச் அடிக்காம ஃபோன் வெளிச்சத்துல பாத்தேன், கண்ணு முழுக்க கருப்பு, பச்சை ஒரு கோடுகூட தெரியல, காது ரெண்டும் தலையோட படிஞ்சு, மீசை பின்னாடி இழுத்து. கூப்பிட்டா என் பக்கம் பாக்குறான், ஆனா என்ன பாக்கல. ரெண்டு மணி நேரம் அப்படியே கிடந்தான், நானும் அப்படியே கிடந்தேன். அந்த வீடியோல இருந்த பூனையோட கண்ணும் இதே கண்ணுதான், அத பாத்துட்டு நான் சிரிச்சிருக்கேன். விலங்கு நடத்தை தெரிஞ்சவங்க அப்பவே இப்படி பண்ணாதீங்கன்னு சொன்னாங்க, சாப்பிடுற எடம் பூனைக்கு பயமில்லாத எடம், அத கெடுக்காதீங்கன்னு. பூனைக்கு வார்த்தை போடலாம், தாராளமா போடலாம், ஆனா அதுக்கு முன்னாடி காதையும் கண்ணையும் ஒரு தடவ பாத்துட்டு போடுங்க, காது படிஞ்சிருந்தா அந்த படத்துக்கு கேப்ஷன் வேணாம். இது என் கெஞ்சல்.

பூனைய வச்சு மனுசங்க ஒருத்தர ஒருத்தர் காப்பாத்தினதும் நடந்திருக்கு. 2015 நவம்பர், பாரிஸ்ல நடந்த பயங்கரவாத தாக்குதலுக்கு அப்புறம் பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் மொத்தமா அடைஞ்சு கிடந்துச்சு, 22ஆம் தேதி ராத்திரி போலீஸ் தேடுதல் நடத்துறாங்க, நாங்க எந்த தெருவுல இருக்கோம்னு ட்விட்டர்ல போடாதீங்க, தேடப்படுறவங்களும் பாப்பாங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. ஜனங்க சும்மா இருந்திருக்கலாம். ஆனா வீட்டுக்குள்ள பயந்துக்கிட்டு, வெளில ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுக்கிட்டு, சும்மா இருக்க முடியுமா? பூனை படமா போட ஆரம்பிச்சாங்க. அந்த பிரஸ்ஸல்ஸ் ஹேஷ்டேக தேடினா பூனை, பூனை, பூனை, கைய தூக்கிட்டு சரண்டர் ஆகுற பூனை, ஜன்னல்ல எட்டிப்பாக்குற பூனை, துப்பாக்கி வச்சிருக்கிற பூனை. ஏதாவது தகவல் இருந்திருந்தாலும் அது அந்த ரோமத்துக்குள்ள மூழ்கியிருக்கும். மறுநாள் பெல்ஜியம் போலீஸ் ஒரு படம் போட்டாங்க, ஒரு கிண்ணம் நெறைய பூனை சாப்பாடு, நேத்து ராத்திரி உதவி பண்ண பூனைங்களுக்குன்னு. அந்த கிண்ணத்த நெனச்சா இன்னும் எனக்கு தொண்டை அடைக்கும். பயமா இருக்குன்னு ஒருத்தர்கூட சொல்லல, எல்லாரும் சொன்னாங்க.

எமோஜிலயும் இது இருக்கு, எத்தன பேர் கவனிச்சிருக்கீங்கன்னு தெரியல. ஜப்பான் ஃபோன்கள்லேர்ந்து வந்து 2010ல யூனிகோட்ல, அதாவது எல்லா ஃபோனுக்கும் பொதுவான எழுத்து பட்டியல்ல, சேந்த எமோஜில பூனைக்கு மட்டும் தனியா 9 பாவனை இருக்கு, சிரிப்பு, கண்ணுல தண்ணி வர சிரிப்பு, இதய கண்ணு, முத்தம், அழுகை, சலிப்பு இப்படி. நாய்க்கு வெறும் மொகம் ஒண்ணுதான். அந்த ஒம்போதும் மஞ்ச மொகத்துல ஏற்கனவே இருக்கே, பின்ன எதுக்குன்னு கேக்கலாம். மஞ்ச மொகம் அழுதா என்ன ஆச்சுன்னு கேட்டாகணும், பதில் சொல்லியாகணும். பூனை அழுதா, அழுகைன்னு தெரியும், ஆனா கேக்காமலும் இருக்கலாம், பதிலுக்கு இன்னொரு பூனை போட்டா போதும். நான் ரொம்ப ஒடைஞ்சு இருந்த நாட்கள்ல அந்த ஒரு எமோஜியதான் போட்டிருக்கேன், அதுக்கு மேல டைப் பண்ண தெம்பு இருந்ததில்ல.

அக்கா கதைக்கு வர்றேன். "சார் எப்ப ஃப்ரீ ஆவார்"க்கு நான் சுப்புவா பதில் போட்டேன், "நான் பிசி. நாளைக்கு வா." மறுநாள் காலைல அவளே வந்தா, "சார் அப்பாயின்ட்மென்ட் இருக்கு". மூணு நாள் இப்படியே, அவளும் சுப்புவும்தான் பேசினாங்க, நானும் அவளும் பேசல. அவளுக்கு கால் வலி இன்னும் இருக்கான்னு சுப்பு கேட்டான், "நீ நொண்டுதா?"ன்னு. இருக்கு சார், ஆனா பரவால்லன்னு சொன்னா. நான் கேட்டிருந்தா "ம்"னு வந்திருக்கும்.

மூணாம் நாள் ராத்திரி தூக்கம் வரல, சுப்பு கால்மாட்டுல படுத்திருந்தான். "அவ உன்ன தேடுது. ராத்திரில எனக்கு கேக்குது"ன்னு டைப் பண்ணி, அழிச்சு, மறுபடி டைப் பண்ணி, அனுப்பிட்டு ஃபோன கவுத்து வச்சுட்டேன். டைப்பிங்னு வருது, போகுது, வருது, போகுது. அஞ்சு நிமிஷம் இருக்கும். 

"சார், அவள கூப்பிட சொல்லுங்க."

கூப்பிட்டேன். மொத பத்து நிமிஷம் ரெண்டு பேரும் சுப்புவ பத்தி மட்டும்தான் பேசினோம், அந்த டப்பா என்ன சைஸு, அவன் எப்படி உள்ள போனான்னு. அப்புறம் மத்ததெல்லாம். டப்பா இப்ப ஒரு மூலைல கிழிஞ்சிடுச்சு, அவன் இன்னும் அதுலதான் உக்காருறான், அக்கா தூக்கி போட்றாதடின்னா, டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன்.